கூட்டத்துக்கு முன் ஒரு நிமிடம்

ஊராட்சிக் கூட்டத்தில் சாமி கும்பிடவே கூடாது என்று நான்கு வருடமாக மல்லுக்கட்டியவர், நாத்திகர் இளஞ்செழியன். அவர் வார்டின் கடைமடை வாய்க்காலைத் தூர்வாரும் தீர்மானத்தை அதே நான்கு வருடமாகத் தோற்கடித்தவர்கள் சக உறுப்பினர்கள் வீரையன், நெய்னா முகமது, ஆரோக்கியமேரி.

மேட்டூரில் தண்ணீர் திறக்க இன்னும் பத்தே நாள்.

"இன்னிக்கு அவங்கவங்க சாமியைக் கும்பிட்டுட்டே ஆரம்பிப்போம்" என்றார் இளஞ்செழியன்.

"என்னண்ணே, கட்சி மாறிட்டீங்களா?" தலைவர் குந்தவை சிரித்தார்.

"ஒரு நிமிஷம்தானேம்மா. ஆனா கண்ணை மூடி, மனசாரக் கும்பிடணும்."

வீரையன் தலைக்கு மேல் கைகூப்பினார். நெய்னா முகமது இரு கைகளையும் ஏந்தினார். ஆரோக்கியமேரி கைகளை உயர்த்தி, "மாதாவே" என்று உருகினார்.

கண்ணை மூடாத இளஞ்செழியன் மெல்லச் சொன்னார்: "வாய்க்கால் தூர்வார ஆதரவு தர்றவங்க கை தூக்கலாம்."

தன் கையையும் தூக்கினார். குந்தவை எண்ணிப் பார்த்து, தீர்மான நோட்டில் 'ஏகமனதாக' என்று எழுதி முடித்தார்.

கண் திறந்து நோட்டைப் பார்த்த வீரையன் குதித்தார். "யோவ், நாங்க சாமிக்குத்தானே கை தூக்கினோம்?"

"அதை அவர்கிட்டயே பேசிக்குங்க. எனக்கு அவரோட பழக்கமில்லை."