கைய ஊணாத நைனா!

"அறுபத்தாறு வயசுல உங்கப்பாவுக்கு ஜிம் கேக்குது! உடம்பைத் தேத்தி யாருக்குக் காட்டப்போறாராம்?"

அனு பொரிந்து தள்ளினாள். கணவன் பிரவின்குமார் வழக்கம்போல் செல்போனுக்குள் தலையை விட்டுக்கொண்டான். வாயைத் திறந்தால் வம்பு என்று அவனுக்குத் தெரியாதா என்ன?

அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. ஏழு மாசக் கர்ப்பம். அம்மாவும் இல்லை, மாமியாரும் இல்லை. பிள்ளை பிறந்தால் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. "என் வேலையை விட்டுடறதைத் தவிர வேற வழியே இல்லை" என்று ரெண்டு மாசம் முன்பு சாப்பிடும்போது அவள் அழுதாள். மாமனார் கோபாலகிருஷ்ணன் தலையை நிமிர்த்தாமல் ரசம்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

மறுநாளே திருவிடந்தை ஜிம்மில் போய்ச் சேர்ந்துவிட்டார். கல்நெஞ்சக்காரர்!

சிறுசேரி ஆபீஸில் படாத பாடுபட்டு வாங்கிய டீம் லீடர் பதவி. வரும் வெள்ளிக்கிழமை ராஜினாமா கொடுப்பதாகச் சொல்லியாகிவிட்டது.

அன்று சாயங்காலம் கேளம்பாக்கத்தில் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, ஜிம் வாசலில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். மாமாவையும் ஏற்றிக்கொண்டு போய்விடலாமே.

உள்ளே எட்டிப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மற்றவர்கள் எல்லாம் கண்ணாடி முன்னால் இரும்பு தூக்கிக்கொண்டிருக்க, மாமா மட்டும் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கால்மேல் ஒரு மணல் பை. குனிந்து அதை அள்ளி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழப் பார்த்தார். முட்டி வெடவெடவென்று நடுங்கியது. சொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"கைய ஊணாத நைனா! ஒத்தக் கால மடக்கி முட்டி போடு. அடுத்த பாதத்த நல்லா அழுத்து. முதுகால தூக்காத, தொடையால எழுந்திரு. எங்க, இன்னொரு தபா!"

அதட்டியது ட்ரெய்னர் ஜெபக்குமார். பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அனுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடுவிடுவென்று உள்ளே நுழைந்தாள்.

"பெரிய மனுஷரைப் போட்டு ஏங்க இப்படி வதைக்கறீங்க? அவருக்கு முட்டித் தேய்மானம், தெரியுமா?"

"தெரியும் மேடம். டாக்டராண்ட கேட்டுக்கினுதான் ஆரம்பிச்சதே. முட்டியச் சுத்தி கீற தசை பலமானா, மூட்டு மேல விழற பாரம் கொறையும். வந்த புதுசுல செவுத்தப் பிடிக்காம எழுந்திரிக்க மாட்டாரு."

"அதுக்கு இந்த மணல் மூட்டை எதுக்கு? இதைக் கட்டிப் பிடிச்சு எழுந்திரிச்சு எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போறார்?"

"அனு! நீ எங்கம்மா இங்க?"

மருமகளைப் பார்த்த பதற்றத்தில் மாமா எழுந்தே விட்டார். பை நெஞ்சோடு நெஞ்சாக இருந்தது. கை தரையைத் தொடவே இல்லை.

"அப்படிப் போடு! எழுந்துட்ட பாத்தியா நைனா!" ஜெபக்குமார் கைதட்டிக் குதித்தான்.

"ஜெபா, அவகிட்ட ஒண்ணும் சொல்லாதே..." மாமா கெஞ்சினார்.

"நீ சும்மா இரு நைனா. அவங்க உன்னத் தப்பா நெனச்சுக்கினு போவட்டுமா?" ஜெபக்குமார் அவள் பக்கம் திரும்பினான். "இங்க வர்றவன்லாம் தொப்பை கொறையணும், புஜம் ஏறணும்னுதான் கேப்பான் மேடம். இவரு மட்டும்தான் வந்த அன்னிக்கே, 'பேரப்புள்ளய கால்ல போட்டுக் குளிப்பாட்டி, கை ஊணாம தூக்கினு எழுந்திரிக்கணும்பா. என்னால முடியும்னு நீ சொல்லிட்டா, வேலைய விடாதம்மானு மருமகளாண்ட தைரியமா சொல்லிடுவேன்'னாரு!"