ஊருக்கு ஒரே சேம்பர்

வாசலில் தேங்கிய தண்ணீருக்கு நடுவே போட்டிருந்த செங்கற்களில் தாவித் தாவி உள்ளே வந்த தலைவர் நஜிமுதீன், மனுவைப் படித்துப் பார்த்தார். "வெறும் சேம்பர்னு இருக்கே, வர்த்தக சபைன்னு முழுசா எழுதிடுங்களேன்."

செயலாளர் அமலதாஸுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பிரெஞ்சுக்காரன் காலத்துலேர்ந்து இருக்கோம். காரைக்கால்ல சேம்பர்னா நம்மளத் தவிர வேற எதுங்க?"

மனு அப்படியே போனது: 'நூறாண்டாக வட்டார வளர்ச்சியைத் தாங்கிய எங்கள் தெருவிலுள்ள சேம்பர், இன்று செயலற்றுக் கிடக்கிறது. அரசு உடனே கைகொடுக்க வேண்டும்.'

நாலே நாளில் அதிகாரி போன் செய்தார். அமலதாஸ் எழுந்து நின்று பேசினார்.

"எத்தனை நாளா இப்படிக் கெடக்கு?"

"பத்து வருஷமாங்க."

"மொத்தத் தெருவும் இதுலதான் வந்து சேருதா?"

"தெருவா? திருநள்ளாறு லாட்ஜுங்க வரைக்கும் நம்ம சேம்பர்லதாங்க!"

அதிகாரி ஆடிப்போய்விட்டார். "அவ்வளவையும் ஒண்ணே தாங்குதா? நாளைக்கே ஆள் அனுப்புறேன்."

மறுநாள் காலையில் அமலதாஸ் சால்வையும் கையுமாக வாசலில் நின்றார். லாரி வந்தது. கடப்பாரையோடு குதித்தவர் கேட்டார்:

"சாக்கடை சேம்பர் மூடி எங்கங்க இருக்கு?"

சாயங்காலத்துக்குள் அடைப்பெல்லாம் போய், பத்து வருஷமாகத் தேங்கிக் கிடந்த தண்ணீர் வடிந்து, தெருவில் தரை தெரிந்தது. கடைக்காரர்கள் திரண்டு வந்து, அமலதாஸ் கையிலிருந்த சால்வையைப் பிடுங்கி அவருக்கே போர்த்தினார்கள்.

"நூறு வருஷத்துல நம்ம சேம்பர் ஊருக்குச் செஞ்ச மொத நல்ல காரியம் இதுதாங்க!"