கடைசித் திதி

"பத்ரிநாத்துல பிரம்ம கபாலம்னு ஓர் எடம் இருக்காம், காந்தி. அங்க ஒரு தடவை பிண்டம் வெச்சுட்டா, செங்கமலத்துக்கு வருஷா வருஷம் திதி கொடுக்க வேண்டியதே இல்லியாம்."

"போயிட்டு வாங்க" என்று அன்றைக்குச் சொல்லிவிட்டாள் காந்திமதி. அதிலிருந்து அவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

செங்கமலம், கலியமூர்த்தியின் முதல் மனைவி. கல்யாணமான மறு வருஷமே காய்ச்சலில் போய்விட்டாள். இரண்டாவதாக வந்த காந்திமதி, தாய்முகம் அறியாமல் சித்தப்பா வீட்டில் வளர்ந்தவள்.

இன்று புறப்பாடு. சுரங்கத்தில் லீவு போட்டுவிட்டு அவனோடு கிளம்பும் கோஷ்டி, பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தது. காந்திமதி கம்பளிச் சட்டையைப் பெட்டியில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். கண் மட்டும் சுவரில் மாலையோடு தொங்கிய செங்கமலத்தின் படத்தை விட்டு நகரவில்லை.

பக்கத்து குவார்ட்டர்ஸ் மாரியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"என்னாடி, அந்தப் படத்தையே மொறச்சிகினு நிக்கிற? அவருதான் மலையேறிப் போயி ஒரேயடியா முடிச்சிட்டு வரப்போறாரே! இனிமே இந்த வூட்டுக்கு நீ ஒருத்திதான் ராணி. மூத்தவளுக்கு வடை சுட்டுப் படைக்கிற வேலையும் மிச்சம்."

"சும்மா இருக்கா நீ."

"நெசத்தச் சொன்னா கோவமா? செத்தவ பேரச் சொல்லிகினு குறிஞ்சிப்பாடிலேர்ந்து அவ அம்மாக்காரி வருதே, ரெண்டு நாள் டேரா போட்டு ஒப்பாரி வெக்கிறதும், ஒனக்குத் தல பின்னி வுடறதும்... அந்தத் தொல்லையும் வுட்டுது!"

காந்திமதி பெட்டியைப் பட்டென்று மூடினாள்.

கலியமூர்த்தி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டான். "சாமிகிட்ட ஒனக்கு என்னா வேண்டிக்கட்டும்?"

"ஒண்ணும் வேணாங்க."

அவன் தெருமுனை திரும்பும் நேரத்தில், தலைவிரிகோலமாக ஓடிவந்து சட்டையைப் பிடித்தாள். மூச்சு வாங்கியது.

"என்ன காந்தி? ஒன் மனசு எனக்குத் தெரியாதா? நான் திரும்பி வந்ததும் அந்தப் படத்தைக்கூடக் கழட்டிடலாம்."

"அய்யோ, அதில்லீங்க! சாமி கும்பிட்டுட்டு மட்டும் வாங்க. பிண்டம் வெச்சுடாதீங்க."

"ஏன்?"

"திதி நின்னுபோச்சுன்னா, குறிஞ்சிப்பாடிலேர்ந்து எங்கம்மா எதுக்குங்க வருவாங்க?"