பூனைக்கு வேகவைத்தது

“உண்மையைச் சொல்லுங்க மாமா. பூனைக்கு வச்சுட்டுப் போற கறியை எங்க கொட்டறீங்க?”

கல்யாணமாகி வந்ததிலிருந்து மாமனாரிடம் அவள் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

“நான் ஏம்மா கொட்டப் போறேன்? மகாராணி தின்னுட்டா.”

“டப்பா தினமும் காலியாகுது. ஆனா அதுக்கு உடம்பே ஏறலையே.”

“பஸ்ஸுல ஏறினவங்களுக்குத்தான் இந்த ரிட்டயர்டு கண்டக்டர் கணக்குச் சொல்வான். உடம்பு ஏறாததுக்கெல்லாம் என்கிட்ட கணக்கு கேட்டா?”

அதற்குமேல் பேச அவளுக்கு நேரமில்லை. கால்மிதி மேல் பூனை மறுபடியும் கக்கி வைத்திருந்தது. வாளியையும் துணியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கல்யாணத்தப்போ அவளோடு வந்த பூனை. இப்போது கிழடு. குடலில் வீக்கம், முழுசாகக் குணமாகாது, பார்த்துப் பார்த்துத் தீனி கொடுத்து ஓட்ட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாந்தி ஒரு பக்கம், வயிற்றுப்போக்கு ஒரு பக்கம். போர்வை, செருப்பு, பிள்ளையின் யூனிஃபார்ம் எதுவும் தப்பவில்லை.

பால் கூடாது. உப்பு, எண்ணெய் எதுவும் கூடாது. கோழிக்கறியைத் தண்ணீரில் வேகவைத்து, கொஞ்சம் பூசணி சேர்த்து, மிக்சியில் மைய அரைத்துக் கொடுக்க வேண்டும். அதையும் மொத்தமாக வைக்கக் கூடாது. ஒவ்வொரு ஸ்பூனாக, வெதுவெதுப்பாக.

புருஷனுக்கு நாக்கில் சுரீரென்று ஏறாவிட்டால் சாப்பாடே இறங்காது. அவனுக்குக் காரசாரமாக ஆக்கி, பிள்ளைக்கு ஊட்டி, பூனைக்குத் தனியாக அரைத்து டப்பாவில் வைத்துவிட்டு, தையல் யூனிட்டுக்கு ஓடுவாள். அங்கே நாளெல்லாம் சட்டைக்குப் பட்டன் வைக்கிற வேலை. பகலில் பூனைக்கு எடுத்துக் கொடுப்பது மாமனார் பொறுப்பு. முணுமுணுத்துக்கொண்டேதான் ஒத்துக்கொண்டார்.

நேற்று டாக்டர் பூனையை எடைத்தட்டில் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“நீங்க சொல்ற அளவு தின்னா எடை இறங்காதும்மா. வீட்ல யாரும் சோம்பல்பட்டுக் கொட்டறாங்களான்னு பாருங்க. இல்ல, நிஜமாவே தின்னும் இறங்குதுன்னா மருந்து வேலை செய்யலைன்னு அர்த்தம். அடுத்த வாரமும் இப்படியே இருந்தா, ஊசி போட்டுத் தூங்க வச்சிடறதுதான் அதுக்கு நல்லது.”

அதை வைத்துத்தான் இன்றைக்குக் கேட்டாள்.

புருஷன் ஷூ மாட்டிக்கொண்டே சொன்னான், “அப்பாவுக்குப் பூனைன்னாலே ஆகாது, தெரிஞ்சதுதானே. நீயும் அதைக் கட்டிக்கிட்டு எத்தனை நாளைக்கு மாரடிப்பே? டாக்டர் சொன்னபடி முடிச்சு விடு.”

மறுநாள் யூனிட்டில் கரண்ட் போய்விட்டது. மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வழியெல்லாம் சண்டைக்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே வந்தாள். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். ஒரு வாயில்லா ஜீவன் சோற்றில் மண்ணைப் போடலாமா மாமா என்று கேட்டுவிட வேண்டும். தெருமுனை திரும்புவதற்குள் அந்த வாக்கியத்தை வாய்க்குள் நாலைந்து முறை சொல்லிப் பார்த்துவிட்டாள்.

கதவு சும்மா சாத்தியிருந்தது. செருப்பை வெளியிலேயே விட்டுவிட்டு நுழைந்தாள்.

சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார் மாமனார். பக்கத்தில் பூனை. அதன் தட்டில் ஒரு ஸ்பூன் கறி.

“ஒரு வாய் தின்னுடி. உங்கம்மா என்னைப் போலீஸ் மாதிரி விசாரிக்கறா. இறங்கற இடம் வர்றவரைக்குமாவது ஒழுங்கா உட்காரு.”

பூனை முகர்ந்தது. இரண்டு முறை நக்கியது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவர் தட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். அது எழுந்துபோய் கேஸ் சிலிண்டர் பக்கமாகப் படுத்துக்கொண்டது.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேறொரு ஸ்பூனை எடுத்து, டப்பாவில் மிச்சமிருந்ததை அள்ளித் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

“மாமா.”

ஸ்பூன் அப்படியே நின்றது. டப்பாவை முதுகுக்குப் பின்னால் தள்ளினார்.

“அது தின்னவே மாட்டேங்குதும்மா. ரெண்டு வாய்க்கு மேல தொடறதில்ல. அது தின்னு மீந்ததைத்தான்…”

“அப்போ உங்களுக்குன்னு நான் எடுத்து வச்சது?”

அவர் கை காட்டிய பக்கம் பார்த்தாள். மேடையில் அவருடைய சாப்பாடு கவரில் கட்டித் தயாராக இருந்தது.

“அதை வாட்ச்மேனுக்குக் கொடுத்துடுவேன். காரம் உள்ள போனா நெருப்பு வச்ச மாதிரி எரியுதும்மா. எல்லாம் வெளிய வந்துடுது. இது ஒண்ணுதான் வயித்துல நிக்குது.”

“எத்தனை நாளா?”

“மழை தொடங்கறதுக்கு முன்னாடியிருந்தே.”

அவள் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்களுக்கும் தனியா செஞ்சு வச்சிருக்க மாட்டேனா மாமா? ஏன் சொல்லல?”

அவர் ஸ்பூனைத் துண்டால் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

“சொல்லத்தாம்மா வந்தேன். நீ தரையைத் துடைச்சுக்கிட்டே பூனைகிட்ட பேசிக்கிட்டு இருந்தே. ‘நீ ஒருத்தி போதும்டி, இந்த வீட்ல இன்னும் ஒருத்தருக்கு வயிறு சரியில்லாமப் போச்சுன்னா நான் எங்கேயாவது ஓடிப் போயிடுவேன்’னு சொன்னே. அப்படியே திரும்பிப் போயிட்டேன்.”