தலைக்கு எட்டாத அலை

அந்த அறையில் நரம்பு டாக்டர் இருந்தார். இயந்திரத்தை இயக்கும் பெண் இருந்தாள். சுவரோரம் மகன், நாற்காலியில் மனைவி, கட்டிலில் அவர். வேறு யாரும் இல்லை. தானும் உள்ளே இருந்ததாகச் சொல்லிக்கொள்ளும் அவருடைய தம்பி, அப்போது வெளியே தாழ்வாரத்தில் யாரோடோ போனில் வம்பளந்துகொண்டிருந்தார்.

அவர் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். அவருடைய அப்பாவும் ஓட்டுநர், மகனும் ஓட்டுநர். பணிக்காலம் முழுக்க, இன்ஜினில் ஏறும் முன் மூச்சுப் பரிசோதனைக் கருவியில் ஊதிக்காட்டியவர். ஒரு தடவைகூட அந்தக் கருவி அவரைக் குறை சொன்னதில்லை.

ஆனால் கொஞ்ச காலமாக நடை தள்ளாடியது. அந்தி மயங்கினால் சுவரைப் பிடித்தார். முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால், கைகழுவும் தொட்டிமேலேயே சாய்ந்தார்.

ரயில்வே குடியிருப்பில் ஜாடைமாடையாகப் பேசினார்கள். தம்பி ஜாடையெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. "அண்ணே, வண்டி தண்டவாளத்தை விட்டு இறங்குதே. இன்னிக்கு எவ்வளவு ஏத்துனீங்க?" என்று தெருவில் வைத்தே கேட்டார்.

அதை அவர் பொறுத்துக்கொண்டார். ஆனால் ஒரு நாள் மகனும் தரையைப் பார்த்துக்கொண்டே, "கொஞ்சம் குறைச்சுக்கலாம்ப்பா" என்றான்.

அன்றிலிருந்து அவர் மகனோடு ஒரே மேசையில் சாப்பிடவில்லை.

அதனால்தான் இன்று எல்லோரையும் கையோடு கூட்டி வந்திருந்தார். மகனும் மனைவியும் காதாரக் கேட்கும்படி டாக்டர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், இவர் குடிப்பவர் அல்ல என்று. அது போதும்.

டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொன்னார். கால் பெருவிரலைப் பிடித்து அசைக்கப்போவதாகச் சொன்னார்.

"இப்ப மேலயா, கீழயா?"

"மேல."

டாக்டர் விரலை இன்னும் தொட்டிருக்கவில்லை. மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு கணுக்காலில் மின்சாரம் விட்டு விட்டுத் தட்டியது. பெருவிரல் துள்ளியது. அவர் அதைப் பார்த்தார். பார்த்ததால் மட்டுமே தெரிந்தது.

முழங்காலுக்குப் பின்னால் ஒட்டியிருந்த மின்வில்லையிலிருந்து திரையில் அலை நன்றாக வந்தது. முதுகில் மங்கலாக வந்தது. தலையில் ஒட்டியதில் வெறும் கோடு ஓடியது. பெண் மின்சாரத்தைக் கூட்டிப் பார்த்தாள். அப்போதும் கோடுதான்.

"குடிச்சா இப்படி வருமா டாக்டர்? எல்லார் முன்னாலயும் சொல்லுங்க."

டாக்டர் மற்றவர்களை வெளியே இருக்கச் சொன்னார்.

"கால் சொல்ற சேதி தண்டுவடத்தோட பின்பக்க நரம்பு வழியா மின்சாரமா மேல ஏறணும்," என்றார் தனியாக. "உங்களுக்கு அந்த வழி அரிச்சுப்போச்சு. கண்ணு திறந்திருக்கிற வரைக்கும் கண்ணு பாத்துக்குது. மூடினா, கால் எங்க இருக்குன்னு உங்களுக்கே தெரியாது."

"அப்ப குடி இல்ல."

"இல்ல. ரத்தத்துல தெரிஞ்சிருச்சு. மேகநோய், சிபிலிஸ்னு சொல்வாங்க. இளமையில ஒட்டியிருக்கும். புண்ணு தானா ஆறியிருக்கும், நீங்களும் மறந்திருப்பீங்க. ஊசி போட்டு இதோட நிறுத்தலாம். போனது போனதுதான்."

வெளியூரில், வண்டி திரும்பும் வரை ஓட்டுநர்கள் தங்கும் விடுதி. அதன் பின்னால் ஒரு சந்து. அவர் மறக்கவில்லை.

"வீட்டுல பிள்ளை ஏதாவது தவறியிருக்கா?"

"ரெண்டு," என்றார்.

இரண்டும் மகனுக்கு முன்னால். மருமகள் உடம்பில் பிள்ளை தங்காது என்று அவருடைய அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். அவர் அதை மறுத்து ஒரு சொல் பேசியதில்லை.

"அதுவும் இதனாலயா இருக்கலாம். அவங்களுக்கும் ரத்தம் பாக்கணும்."

"நானே சொல்லிக்கிறேன்."

கதவுவரை பாதங்களைப் பார்த்துப் பார்த்து வைத்தார். குடிகாரன் என்றால் ஊர் சிரிக்கும், சிரித்துவிட்டு மறந்துவிடும். மற்றது அப்படியல்ல. அது மகன் வரைக்கும் போகும்.

"என்னப்பா சொன்னாரு?"

"நீ சொன்னதுதான். குடி."

சொல்லும்போது அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. வாய் திறந்தது, மூடியது.

மகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "விட்டுடலாம்ப்பா. நான் கூட இருக்கேன்." எத்தனையோ நாளுக்குப் பிறகு அவன் அவரைத் தொட்டான்.

"நான் சொன்னப்ப அடிக்க வந்தீங்களே அண்ணே," என்ற தம்பி, யார் காதிலாவது விழுந்ததா என்று சுற்றிப் பார்த்தார்.

மனைவி கணவரின் வாயையே பார்த்தார். இத்தனை வருஷம் அந்த மூச்சுக்குப் பக்கத்தில் தூங்கியவர்.

"உனக்கும் ரத்தம் பாக்கணுமாம். வயசாச்சுல்ல," என்றார் அவர்.

"என் வயசை இப்பத்தான் கவனிச்சீங்களா," என்றார் மனைவி.

இயந்திரத்தை இயக்கிய பெண் எட்டிப் பார்த்து, மனைவியை மட்டும் உள்ளே கூப்பிட்டாள். கதவு சாத்தும் முன் டாக்டரின் முதல் கேள்வி வெளியே கேட்டது. அவரிடம் கடைசியாகக் கேட்ட அதே கேள்வி, தவறிய பிள்ளைகளைப் பற்றி.

மனைவியின் பதில் கேட்கவில்லை.

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். மகன் குனிந்து, கழன்று கிடந்த செருப்பை அவர் காலில் மாட்டிவிட்டான். அவர் கதவைப் பார்த்துக்கொண்டிருந்ததால், அது அவருக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து அந்த அம்மா கணவரோடு பேசுவதில்லை. குடிகாரனோடு என்ன பேச்சு என்ற கோபமாம். குடியிருப்பில் அப்படித்தான் சொல்கிறார்கள். தம்பி அதற்குச் சாட்சியும் சொல்கிறார்.

பேசாதது உண்மை. குடிக்காக அல்ல.