சேவலுக்கு ஓர் இரங்கலுரை

"அந்த ஆள மட்டும் மைக் பக்கம் விட்டுறாதீங்க தலைவரே!"

பெரியாயி அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னாள். தோட்டத் தலைவர் இராசையாவுக்கும் அதே பயம்தான். அதற்குள் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் குமாரசிங்கம் கறுப்புக் கோட்டும் குடையுமாக தொழிலாளர் லயத்து வாசலுக்கே வந்துவிட்டார்.

உள்ளே, பெரியாயியின் மகன் சதீஸ்குமார் பெட்டிக்குள் கிடந்தான்.

முந்தின நாள் காலை, தேயிலை மலையில் குளவி கொட்டிச் செத்துப் போனான். மலையகத்து மடுல்சீமையில் அவன் பேச்சுக்குச் சிரிக்காத தோட்டம் கிடையாது. செய்தி வந்தபோது பாதிப் பேர், "இது என்னடா புது ஐட்டம்?" என்று சிரித்தார்கள். பிறகு சிரித்த வாயை மூட மறந்து நின்றார்கள்.

திருவிழா மேடையில் அவனிடமிருந்து தோட்டத்துத் துரை தப்பியதில்லை, தலைவர் தப்பியதில்லை, நாட்டின் சமாதானப் பேச்சுவார்த்தையும் தப்பவில்லை. சாமியையும் விடமாட்டான். "முனியாண்டி கையில அருவா எதுக்குன்னு நெனைக்கிறீங்க? தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போறாருங்க. அவருக்கும் அரைநாள் சம்பளந்தான்!"

ஆனால் கூட்டம் கேட்டுக் கேட்டுப் போடச் சொன்னது குமாரசிங்கம் அதிபரின் இரங்கலுரையைத்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அந்தத் தோட்டப் பள்ளிக்கூடத்திலேயே நரைத்தவர் அதிபர். சுற்றுவட்டாரத்தில் யார் செத்தாலும் நாலு வார்த்தை பேசாமல் போகமாட்டார். லொறியில் அடிபட்டுச் செத்த பெரிய கிளாக்கரின் சேவலுக்கு அவர் இரங்கலுரை ஆற்றினால் எப்படி இருக்கும் என்று சதீஸ் வருடா வருடம் பேசிக் காட்டினான்.

அதன் பிறகு அதிபர் திருவிழாப் பக்கமே வருவதில்லை. எதிரே சதீஸ் வந்தால், மழை வெயில் எதுவும் இல்லாவிட்டாலும் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்.

"எம்மவன் மேல இருக்க கோவத்த இன்னைக்குத் தீர்த்துக்க வந்திருக்காரு" என்றாள் பெரியாயி.

இராசையாவுக்கு வேறொரு கவலையும் இருந்தது. சதீஸின் மனைவி ஜீவராணி செய்தி கேட்டதிலிருந்து அழவில்லை, பேசவில்லை. வாயில் ஊற்றிய தண்ணீர் கடைவாய் வழியாக வெளியே வந்தது. பெண்கள் ஒப்பாரி வைத்துப் பார்த்தார்கள். தோளைப் பிடித்து உலுக்கினார்கள்.

"அழுதுரு புள்ள! இப்படியே இருந்தா நீயும் போயிருவ!"

அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிபர் கதவருகே வந்து எட்டிப் பார்த்தார். "பிள்ளை அழவில்லையோ?"

"இல்லீங்க சார்."

"ம்... மைக்கைத் தாரும்."

"சார், பெட்டி எடுக்க நேரமாயிருச்சு..."

அதிபர் கையை நீட்டியபடியே நின்றார். படிப்பித்த வாத்தியாரிடம் மாட்டேன் என்று சொல்ல இராசையாவுக்கு வாய் வரவில்லை.

"மரணம் என்பது யாது?" என்று தொடங்கினார் அதிபர்.

கூட்டத்தில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சேவலுக்கும் இப்படித்தான் தொடங்கும்.

"பின்வரிசையில் கதைப்பவர்கள் எழுந்து நிற்கவும்!"

எல்லோரும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். தப்படிக்க வந்தவர் சிரிப்பை இருமலாக மாற்றினார்.

"அன்னார் விடியுமுன் எழும்பத் தவறாதவர். தம் குரலால் இத்தோட்டத்தையே எழுப்பியவர். நெஞ்சை நிமிர்த்தி நடந்தவர்."

பிழையில்லாத தமிழ்தான். அதுதான் கொடுமை. ஒவ்வொரு வரியும் சேவலுக்குரியது. பெரிய மனிதர்கள்கூடத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"ஐயா, நீங்க படிச்ச மனுசனா?" பெரியாயி கத்தினாள். "கோழிக்குச் சொன்னத எம்புள்ளைக்குச் சொல்றீங்களே!"

அதிபர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. கோட்டை இழுத்து விட்டுக்கொண்டார்.

"அன்னாரின் பிரிவால் வாடும் துணைவியாருக்கு..."

நிறுத்தினார். கூட்டமும் மூச்சை நிறுத்தியது.

"பன்னெண்டு பேருக்கும்..." என்றது ஒரு குரல்.

சேவலின் பெட்டைக் கோழிகளுக்குச் சதீஸ் அனுதாபம் சொல்லும் வரி அது. எல்லோரும் திரும்பினார்கள். சொன்னவள் ஜீவராணி.

சொன்னவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பெட்டியைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். பெண்கள் நடுங்கிப் போனார்கள். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் உடைந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. "என்னய விட்டுட்டுப் போயிட்டியே!" என்று அவள் பெட்டியின் மேல் விழுந்தபோது லயமே அலறியது.

பெரியாயி அவளை வாரி அணைத்துக்கொண்டாள். வெகுநேரம் கழித்து ஜீவராணி தண்ணீர் கேட்டாள்.

இராசையா மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கி, அதிபரைப் பாதைவரை கூட்டிக்கொண்டு போனார்.

"கோவிச்சுக்காதீங்க சார். சாவு வீட்ல சனம் ஏன் சிரிச்சதுன்னுகூட உங்களுக்கு வெளங்கலையா? நீங்க பேசினது பூரா சதீசு சேவலுக்குப் பேசினதுங்க!"

"தெரியும்."

"தெரியுமா? நீங்கதான் திருவிழாவுக்கே வர்றதில்லையே?"

"மேடைக்குப் பின்னால நிண்டு பாக்கிறனான். முன்னுக்கு இருந்தால் எனக்கும் சிரிப்பு வந்திடும்."

அதிபர் குடையை விரித்து முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டார்.

"இவ்வளவு காலமும் அவன் என்னை மாதிரிக் கதைச்சவன். இண்டைக்கு அந்தப் பிள்ளைக்காக நான் அவனை மாதிரிக் கதைச்சுப் பாத்தனான்... அவனளவுக்கு வரேல்லை, என்ன இராசையா?"