கொத்தனாருக்கு அலகு வலி

ஒரு மரத்தில் இரண்டு பொந்துகள் இருந்தன. மேல்பொந்தில் கிளி குடியிருந்தது. கீழ்ப்பொந்தை அணிலுக்கு வாடகைக்கு விட்டிருந்தது.

மழை பிடித்ததும் கீழ்ப்பொந்தில் தண்ணீர் தேங்கியது. "குட்டிங்க நனையுதுக்கா. அடியில ஒரு ஓட்டை போட்டா தண்ணி வடிஞ்சிடும்," என்றது அணில்.

அதற்குக் கொத்தனார் மரங்கொத்தியைக் கூப்பிட வேண்டும். சிறகு நனைய யார் போவது என்று கிளிக்குச் சோம்பல். "போய்ச் சொல்லிட்டேன். அவருக்கு அலகு வலியாம். சரியானதும் வருவார்," என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தது. அணில் கேட்டபோதெல்லாம் அதே பதில்தான்.

ஒருநாள் காலையில் கீழே பேச்சுக்குரல் கேட்டுக் கிளி எட்டிப் பார்த்தது. அந்த வழியாகப் போன மரங்கொத்தி கிளையில் உட்கார்ந்திருந்தது. ஈர உடம்போடு அணில் அதன் முன்னால் ஓர் அத்திப்பழத்தை வைத்தது.

"அலகு வலி தேவலையா கொத்தனாரே? உங்களுக்காக நல்லாக் கனிஞ்சதா எடுத்து வச்சிருக்கேன். முதல்ல சாப்பிடுங்க."

மரங்கொத்தி ஒன்றும் புரியாமல் விழித்தது. அண்ணாந்து கிளியைப் பார்த்தது. கிளியின் தலை தொங்கிப்போனது.

"இப்போ தேவலைம்மா," என்று சொல்லிவிட்டு மரங்கொத்தி, தண்ணீர் தேங்கிய பொந்தின் அடியில் கொத்தத் தொடங்கியது.

"மழையில அலைஞ்சு கூட்டிட்டு வந்துட்டீங்களேக்கா!" அணில் கிளியைப் பார்த்துக் கும்பிட்டது.

"நான் போகவே இல்லம்மா," என்றது கிளி.

கொத்தும் சத்தத்தில் அது அணிலின் காதில் விழவில்லை. "என்னக்கா சொன்னீங்க?" என்று கேட்டது.

இன்னொரு தடவை சொல்லக் கிளிக்கு வாய் வரவில்லை.